காக்கைக்கு முன்னால் வந்த அணில்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நேற்று உன் முதல் வருஷத் திதி முடிந்தது. முடிந்தது என்று நான் சொல்கிறேன். முடியவில்லை என்கிறார் பெரியப்பா. நம் ரெட்டியார்சத்திரம் தோப்பு வீட்டில் நடந்ததை அவர் ஊரெல்லாம் சொல்வதற்குள் நானே உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இலை போட்டது நான்தான். "ஆம்பளப் பிள்ளை போட வேண்டிய எலைம்மா, எம் பேரன் போடட்டும்" என்று பெரியப்பா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நீ பெற்ற மகள் நான் இருக்கும்போது அவர் பேரன் எதற்கு? மோட்டார் ரூம் கூரையில் சோறும் பருப்பும் உனக்குப் பிடித்த உளுந்த வடையும் வைத்துவிட்டு, கீழே இறங்கி "கா... கா..." என்று கூப்பிட்டேன்.

வாகை மரத்துப் பொந்திலிருந்து அணில் வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. முதலில் வந்தது வடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தென்னை மட்டைக்கு வந்த காக்கையைப் பார்த்து மற்ற இரண்டும் வாலை வெட்டி வெட்டிக் கத்தின. காக்கை போயே போய்விட்டது.

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. "உங்காத்தா மனசு ஆறல. பொம்பளை போட்ட எலைய எப்படித் தொடும் காக்கா? எல்லாத்தையும் அணில் எச்சிப் பண்ணிருச்சு. இப்பவே மரம் அறுக்குற மெஷினுக்குப் போனப் போடுறேன். அந்த மரத்தச் சாய்ச்சுட்டு எம் பேரன் வேற எலை போடட்டும். காக்கா எடுத்த பெறகுதான் பந்தி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த அணில்கள் ஏன் வந்தன என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்?

ஜாம்பியாவில் நீ டீச்சராக இருந்தபோது, நம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற மோப்பேன் மரம் நினைவிருக்கிறதா? அதில் இருந்த அணில்களுக்கு முதுகில் கோடு கிடையாது. ஊருக்கு வந்து நீ அதைச் சொல்லும்போது, "ராமர் அங்கிட்டுப் போகல போல" என்று பெரியப்பாகூடக் கேலி செய்வார். விடிந்ததும் இரை தேட ஓடாது. பொந்து வாசலில் வெயில் காய்ந்தபடி ஒன்றின் உடம்பை ஒன்று நக்கிக்கொடுக்கும். அப்படித்தான் ஒரு பொந்துக்கு ஒரே வாசனை வருகிறது, வேற்று வாசனையோடு எந்த அணில் வந்தாலும் விரட்டிவிடும் என்பாய். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை தடவை ரசத்தைப் பொங்கவிட்டிருக்கிறாய்.

பகலில் தனித்தனியாக அலைந்துவிட்டுப் பொழுது சாய்ந்தால் ஒரே பொந்துக்குத் திரும்பிவிடும். ஒருநாள் அந்த மரத்தில் பாம்பு ஏறியது. ஒன்று கத்தியதும் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. ஓடி ஒளியாமல் வாலை ஆட்டிக் கத்திக்கொண்டே பாம்பை நெருங்கின. நீ கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாய்.

நம் ஊர் அணிலுக்கு அந்தக் கூட்டுக் குடித்தனமெல்லாம் அவ்வளவாகக் கிடையாது என்று குறைப்பட்டாலும், இங்கே வந்த நாளிலிருந்து காலைச் சோற்றில் ஒரு பிடி அவற்றுக்கு வைத்தாய். அதுவும் "கா... கா..." என்று கூப்பிட்டு. "காக்காயக் கூப்பிட்டு அணிலுக்குப் போடுறியேம்மா" என்றேன். "அணில எப்படிக் கூப்பிடுறதுன்னு எவன் சொல்லித் தந்தான்?" என்றாய். நீ பழக்கிவிட்டாய், அவை வந்தன. இதில் உன் மனசு ஆறாமல் எங்கே போனது?

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "சாங்கியம் தெரியாமப் பேசாத" என்று போனை எடுத்தார்.

வாகை மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். "மரம் எங்கம்மா பங்குல நிக்குது பெரியப்பா. மெஷின் வந்தா வந்த வழியே திரும்பிப் போகும்" என்றேன்.

"அப்ப இந்த வீட்டுல யாரும் சாப்பிட முடியாது" என்றார்.

"எங்கம்மாவுக்கு வச்சத அவுக வளத்தது சாப்பிட்டுருச்சு. எனக்கு அது போதும். மதினி, எனக்கு எலையப் போடுங்க" என்றேன்.

பெரியப்பாவின் மருமகள், அவர் முன்னால் நிமிர்ந்தும் பேசாத செல்வி மதினி, அடுப்படியிலிருந்து வந்தார். மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு இலை போட்டார். "செத்தத் தள்ளி உக்காரு, எனக்கும் பசிக்குது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்தத் தோப்பில் கால் வைக்க மாட்டேன் என்று போய்விட்டார். அவர் இல்லாத திதி எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அம்மா, நான் இறங்கிவர மாட்டேன்.

அடுத்த வருஷமும் நான்தான் இலை போடுவேன். அதற்கடுத்த வருஷமும் நான்தான். யார் வந்து எடுத்தாலும் நீ சாப்பிட்டாய் என்றே நினைத்துப் பந்தியில் முதல் ஆளாக உட்காருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே பிள்ளை,
வாசுகி