நானூறும் இருபத்தைந்து மில்லியனும்

அன்பு மகன் அகிலனுக்கு,

அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், மழைதான் விட்டபாடில்லை, சைகோன் வெயிலில் காயும் உனக்குக் கொஞ்சம் அனுப்பினால் தேவலை. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் அங்கே வரும் நம் தோட்டத்து மகேனிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்துச் சிரித்துக்கொள், அவரிடம் மட்டும் கேட்டுவிடாதே.

உனக்கு மாதம் இருபத்தைந்து மில்லியன் டோங் சம்பளம் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. டோங் என்றால் என்ன மதிப்பு என்று யாரையும் கேட்கவுமில்லை. பக்கத்து வீட்டு நாகமணி அக்கா, குவைத்தில் நர்ஸாக இருக்கும் தன் மகள் ரூபினிக்கு நானூறு தினார் என்றதும், நானூறுக்கா பாலைவனத்துல கெடக்குது, வரச்சொல்லுங்க, இங்கயே கியா பார்ம் ஸ்ட்ராபெரி கடையில சேத்துவிடுறேன்னு சொல்லிவிட்டார். அக்கா முகம் வாடிப்போனது, மறுநாள் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது என்னோடு பேசவில்லை. அதோடு விட்டாரா, கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, திருவிழா மூணு நாள் அன்னதானமும் நம்ம செலவுதான்னு வாக்குக் கொடுத்து மாலையும் வாங்கிக்கொண்டார்.

கோயில் கணக்குப் பார்க்கும் மோகனா டீச்சர் மறுநாள் வீட்டுக்கே வந்தார். போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே, தம்பி சம்பளம் நம்ம காசுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி, ரூபினிக்குத்தான் ஐயாயிரத்துக்கு மேலன்னு மெதுவாகச் சொன்னார். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, அது எப்படி டீச்சர் ஒரு ஊர் பணத்தாள் இவ்வளவு கனம், ஒரு ஊர் தாள் இவ்வளவு லேசுன்னு கேட்டேன். ஒரே அளவு தேத்தூளைக் கோப்பையில போட்டா சாயம் கட்டியா வரும், வாளித் தண்ணியில போட்டா வெளுத்துப்போகும்லக்கா, தாளும் அப்படித்தான் என்றார். வியட்நாமில் ஒரு காலத்தில் விலைவாசி தாறுமாறாக ஏறித் தாளில் சைபர் கூடிப்போனதாம், பிறகு அதை வெட்டவே இல்லையாம். குவைத்தில் ஆள் கொஞ்சம், எண்ணெயோ உலகமே வரிசையில் நின்று வாங்குகிறது, அரசாங்கமும் தினாரை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதாம். அப்போ என் பிள்ளை இருக்கிறது ஏழை நாடா என்றேன். சைபரைப் பாத்து நாட்டை எடை போடக்கூடாதுக்கா, ஒருநாள் கூலிக்கு எவ்வளவு அரிசி, மீன் கிடைக்குதுன்னு பாருங்க, ஜப்பான் காசுலயும்தான் ஆயிரக்கணக்கு என்றார்.

சாயங்காலமே அப்பா கோலா தெர்லா சந்தையிலிருந்து ஒரு கூடை காய்கறி வாங்கிக்கொண்டு நாகமணி அக்கா வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். தப்பாப் பேசிட்டேன்னு தலைகுனிந்து நின்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நானூறுலதான் பிரிட்ஜு வாங்கினேன், நீங்கதானே அண்ணே லோரியிலேருந்து எறக்கி வச்சீங்க லா என்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னார், மூன்று நாளும் தன்னால் ஆகாது என்றார். யாரும் கேலி செய்யவில்லை. ஒருநாள் எங்களோடது என்று அக்கா எழுந்தது, இன்னொரு நாளை லயத்து வரிசை வீடுகள் சேர்ந்து எடுத்துக்கொண்டன, நமக்கு ஒருநாள். மாலை வாங்கிய அன்றைக்கு இல்லாத பெருமை எனக்கு இப்போதுதான் அவர்மேல் வந்தது.

எத்தனை மில்லியன் என்று எனக்கு வேண்டாம் ஐயா. வாடகை கட்டி, வயிறாரச் சாப்பிட்டு, கையில் ஏதாவது மிஞ்சுகிறதா, அதை மட்டும் ஒளிக்காமல் எழுது. மிஞ்சினால் நம் ஒருநாளுக்கு அனுப்பு, இல்லையென்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உன் மோட்டார் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, மறந்துவிடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு.

உன் அம்மா
பவளம் கனகராஜ்