ட்ரம்பெட் இல்லாத போட்டோ

புத்தூர்
ஆடி 12

அன்பு மகன் தனசேகருக்கு நைனா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் சௌக்கியம், நீதான் சௌக்கியமா என்று எனக்குச் சந்தேகம். எழுத்து என்னுடையதுதான். எட்டு மாசமாக மத்தியானத்தில் ஸ்வர்ணலதா டீச்சர் வீட்டில் படிக்கிறேன், நான் சீட்டாடப் போவதாக நினைத்து அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள், திட்டட்டும். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று, ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பின கச்சேரி போட்டோவில் உன் குழுவில் மற்ற பன்னிரண்டு பேரும் ஊதுகிறார்கள், நீ மட்டும் ட்ரம்பெட் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். அம்மாவைக் கேட்டால், தலைவன் ஆனபிறகு ஊத வேண்டியதில்லையாம். எனக்கு ஒப்பவில்லை. உனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பேண்ட் மாஸ்டர் ரமணாவிடம் காட்டினேன். நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் மாஸ்டர்தானே முதலில் ஊதுவார், அவர் வெறுங்கையோடு நடந்தால் "உதடு போச்சுன்னு அர்த்தம் மாமா" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் வழக்கம் வேறயா இருக்கும் என்று மழுப்பினான்.

அன்று சாயங்காலம் அம்மா பால் ஊற்றப் போனதும் அவள் போனை எடுத்து, நீ அவளுக்கு எழுதினதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உதட்டில் தசை கிழிந்திருக்கு, ஆறு மாசம் ஊதக்கூடாது, ஆவணியில்தான் தெரியும், நைனாவுக்குச் சொல்லாதே. பாடப் புத்தகம் தாண்டி நான் முழுசாகப் படித்தது அதுதான். தப்பில்லாமல் படித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது, என்ன படித்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆவணிவரை தொடாதே. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்க்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம், பத்து வயசில் காய்ச்சலோடு மாட்டுக்கொட்டகையில் ஒளிந்து ஊதினவன்தானே நீ. போட்டோவில் உன் இடத்தில் நிற்கும் அந்த மஞ்சள் முடிக்காரன் ஊதும்போதும் கண்ணால் சிரிக்கிறான், அவனை நம்பாதே. அதற்காக அவசரப்படவும் வேண்டாம். மிளகாய் துன்னாதே. உதடு தேறினால் திருமலைக்குப் படியேறி வருகிறேன் என்று வேண்டியிருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டால் முழங்கால் வலிக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குச் சொல்லாதே, என்னை ஏமாற்றுவதாக நினைத்துத் தைரியமாக இருக்கிறாள். இனிமேல் உதட்டைப் பற்றி என் பேருக்கே எழுது, பெரிய எழுத்தாக எழுது. பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

கைநாட்டு இல்லாமல்,
உன் நைனா
வேங்கடாசலம்