உமி தேய்க்காத தரை

மானகிரி
11.12.2025, வியாழன், காலை 6.40. எக்ஸ்ரே மூன்று, முறிந்த எலும்பு பூஜ்யம்.

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உங்கம்மா இடுப்பு வீக்கம் நீங்கலாக நலம், நீ அழாமல் நலமாக இருக்கணும். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், விஷயம் போய்ச் சேரவில்லை, அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிடு. நேற்று அழகம்மாள் அத்தை உனக்குப் போன் போட்டு இடுப்பு முறிஞ்சு போச்சு என்று சொன்னது தப்பு. எக்ஸ்ரேயை டாக்டரும் பார்த்தார், நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், விரிசல்கூட இல்லை. ஒரு வாரம் படுத்திருக்கணும், அவ்வளவுதான். நாளைப் பரீட்சையை விட்டுட்டு புவனேஸ்வரிலிருந்து ஓடி வருகிற அளவுக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கு ராத்திரிக்கு நீ போட்ட டிக்கெட்டை ரத்து பண்ணு.

நேற்றுக் காலை நடந்தது இதுதான், தப்பு என்னுடையது. நீ லீவுக்கு அறைத்தோழியைக் கூட்டிட்டு வருகிறாயே என்று கூடத்துத் தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். பூசின கையோடு உமியைப் போட்டு எண்ணெய் இழுக்கிறவரை தேய்க்கணும், உனக்கே தெரியும். உமி மூட்டை அங்குட்டு இருக்கு, தேய்ச்சுட்டுப் போங்க என்று உங்கம்மா ரெண்டு தடவை சொன்னாள். மில்லுக்கு நேரமாச்சு, சாயங்காலம் பார்த்துக்கலாம் என்று வாசலில் இறங்கிட்டேன். நான் மறந்த சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க அவசரத்தில் ஓடி வந்தவள் கால் வழுக்கி உட்கார்ந்தபடியே கூடம் முழுக்கச் சறுக்கி வந்தாள். தூக்கை மட்டும் சாயவிடவில்லை. வலியில் முகம் வெளுத்துப்போய், மெஷினுக்குப் போடுற கிரீஸை வீட்டுக்கும் போட்டீகளா என்று கேட்டாளே பார்க்கலாம்.

வாசலை ஒட்டின கடைசி வரிசைக் கல்லுக்கு மட்டும் நான் எண்ணெய் பூசவில்லை, பொறுமை இல்லாமல் விட்டது. அங்கே வந்துதான் நின்றாள். இல்லையென்றால் மூன்று கல்படியிலும் உருண்டிருப்பாள். இருபது வருஷமாக மில் மெஷின் பார்க்கிற எனக்கு உராய்வு என்றாலே எதிரி, பேரிங் தேயும், பெல்ட் சூடாகும். போன வருஷம் நீ உராய்வுக் கணக்கில் தடுமாறினப்போ, அதை ஒழிக்கத்தான் எங்களுக்குச் சம்பளமே என்று கத்தினேன். பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கேன். கால் பின்னால் தள்ள, தரை விடாமல் பிடித்து முன்னால் தள்ளுதே, அதுதான் நடை. அந்தப் பிடிப்பைத்தான் நான் எண்ணெய்த் துணியால் துடைத்து எடுத்தேன். நாளைக்கு அந்தக் கேள்வி வந்தால் உங்கம்மாவை நினைத்துக்கொண்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு ஆத்தா, ஹால் டிக்கெட்டை இப்பவே பையில் வை. குன்றக்குடி முருகன் உன் கூடவே இருப்பான்.

உன் அப்பா,
சரவணகுமார்

இனி நான் செய்யப்போவது:
1. இந்தக் கடிதம் அனுப்பின கையோடு உமி போட்டுக் கூடம் முழுக்கத் தேய்ப்பேன். மில்லுக்கு லீவு சொல்லியாச்சு.
2. அத்தைக்குப் போன் போடுவேன், கத்த மாட்டேன்.
3. டாக்டர் சொன்ன அன்றைக்கு உங்கம்மா கையைப் பிடித்து நடக்க வைப்பேன்.
4. அந்தக் கடைசி வரிசைக் கல்லுக்கு இனி எண்ணெயே காட்ட மாட்டேன். மங்கலாகவே கிடக்கட்டும்.