மாத்தறைக்குப் போன தூக்குச்சட்டி

மார்ச் 4

தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம். மகள் ரொஷேல் சொக்லட்டை விட்டாள். என் கணவர் கிளைவ் இறைச்சியை விட்டார். வீட்டில் எல்லோரும் இறைச்சியை விட்டிருக்க, இவர் மட்டும் தனியாக விட்டதுபோல் சாப்பாட்டு மேசையில் பெருமூச்சு. நான் விட்டது வாயை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் யாரையும் ஏசுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன். தவறினால் ஒரு தடவைக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’.

இன்று மட்டும் பதினொன்று. அதில் ஏழு, கிளைவ் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டதற்கு. அவர் போட்டது ஒரு தடவைதான்.

இனி ஏச்செல்லாம் இந்தக் கொப்பிக்குள்.

மார்ச் 8

ரொஷேல் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “மம்மி, ஹஸ்னாவும் நானும் இன்ஸ்டாவில கதைக்கிறம். ஒரு வருசமா.”

ஹஸ்னா ஆதிலாவின் மகள். ஆதிலா எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருந்தவள். கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். இப்போது அவர்கள் மாத்தறையில்.

“அவங்கட உம்மா பெருநாளைக்கு எங்களை வரச் சொல்றா.”

ஆதிலா சொன்னாளா? என்னையா? இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டதற்கு மகள் முறைத்தாள்.

மார்ச் 9

நித்திரை வரவில்லை. எழுதித்தான் பார்க்கிறேனே.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வெள்ளைக் கொடி. இரண்டு வாரம் கழித்து நோன்பு தொடங்கியது. ஆதிலா வருடா வருடம் முதல் நோன்புக் கஞ்சியில் எங்களுக்கு ஒரு தூக்குச்சட்டி அனுப்புவாள். அந்த வருடமும் கொண்டுவந்தாள். கதவைத் தட்டி, “செலீன், நான்தான்” என்றாள்.

நான் கதவுக்கு உள்ளே ஒரு அடி தூரத்தில் நின்றேன். திறக்கவில்லை.

அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அவள் என்ன செய்தாள்? கஞ்சி காய்ச்சினாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. சட்டியை வாசலில் வைத்துவிட்டு அவள் படி இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தூக்குச்சட்டி, நீல மூடியோடு, இன்னும் என் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. கிளைவுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

போய்ச் சொல்ல வேண்டும். நேரே. போனில் சரிவராது.

மார்ச் 13

கிளைவ் ரயிலுக்கு சீட் புக் பண்ணிவிட்டார். 21ஆம் திகதி காலையில் போய் மூன்று மணி ரயிலில் திரும்புவது. கலண்டரில் பெருநாளுக்கு அன்றைக்குத்தான் சிவப்பு. “கடல் பக்க சீட்தான், சத்தியமா” என்கிறார். இவருடைய சத்தியத்தை வைத்து ஒரு பனிஸ்கூட வாங்க முடியாது. (ஏசவில்லை. எழுதினேன்.)

மார்ச் 19

சட்டியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. ஆதிலாவுக்கு என் லவ் கேக் உயிர். அதைத்தான் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.

மார்ச் 20

கேக் செய்தேன். முந்திரி, ரவை, ரோஸ் எசன்ஸ், தேன், கைப்பழக்கத்தில் இரண்டு கரண்டி பிரண்டி.

பிரண்டி!

கேக்கை ஒவனில் வைத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. முன்பெல்லாம் பிரண்டி இல்லாமல் தனியாகச் செய்து கொடுத்த ஆதிலா வீட்டுக்கு, அதுவும் பெருநாளைக்கு. கிளைவ் சிரித்த சிரிப்புக்கு மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ போயிற்று. “அதை நான் பார்த்துக்கொள்றன்” என்று முழுத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திரும்ப முட்டை வாங்க ஓடி, திரும்ப முந்திரி வெட்டி, இரண்டாவது கேக் வெந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. நியூஸ் பார்க்கவில்லை. போனைப் பார்க்கவில்லை. கேக் மட்டும் சரியாக வந்திருக்கிறது.

மார்ச் 21, ரயிலில்

எழுத்து ஆடுகிறது, மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்பு? சரி, விடு.

கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் சனம் நெரிக்கும் என்று மருதானைக்கே ஓட்டோவில் போய் ஏறினோம். புக் பண்ணிய சீட்டுக்கு எதற்கு இந்த அவசரம் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு எனக்கு ஒரு பரிசு தர வேண்டும்.

சீட் தரைப் பக்கம்.

கொள்ளுப்பிட்டியில் கடல் தொடங்கியது. எதிர்ப்பக்க ஆட்களின் தலைகளுக்கு இடையில் துண்டு துண்டாகக் கடல். என் யன்னலில் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று வீடுகளின் பின்பக்கமும் காயப்போட்ட உடுப்பும். கிளைவ் முன்னால் பார்த்தபடி இருக்கிறார். என் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ரொஷேல் கதவடியில் நின்று வீடியோ எடுக்கிறாள். “விழுந்தா அப்படியே வீட்டுக்குப் போ” என்றேன். இது ஏச்சில் சேருமா?

இஸ்ஸோ வடைக்காரர் வந்தார், இறால் பதித்த வடை. கிளைவ் நான்கு வாங்கி மூன்றைத் தானே முடித்தார். “அங்க பிரியாணி இருக்கும், நீர் இறைச்சி சாப்பிடேலாது, பாவம்” என்று அவரிடம் சொன்னேன். “சோறை மட்டும் தோண்டி எடுப்பன்” என்றார்.

சட்டி என் மடியில். அம்பலாங்கொடை தாண்டியாயிற்று. என்ன சொல்வது என்று ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தும் ஒஃபிசில் லீவ் கேட்கிற கடிதம் மாதிரி இருக்கிறது.

மார்ச் 22

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆதிலா கேட்டுக்கு வெளியே நின்றாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். “வாங்க, வாங்க, ரயில் லேட்டா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுச் சந்தித்த மாதிரி. பிள்ளைகள் இரண்டும் கட்டிப்பிடித்துக் கத்தின. அவள் கணவர் நபீஸ் நானா கிளைவின் தோளில் தட்டினார்.

நான், “பெருநாள் வாழ்த்து, ஆதிலா!” என்றேன், பாட்டுப் போல.

ஹஸ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“நாளைக்குத்தான் பெருநா. ராவு பிறை தென்படல்ல. இண்டைக்கு முப்பதாவது நோம்பு” என்றாள் ஆதிலா.

நிலவைப் பார்த்து வருகிற பெருநாளுக்குக் கலண்டரைப் பார்த்து ரயில் பிடித்து வந்த குடும்பம் நாங்கள். மூன்று பேர் பசியோடு, நோன்பு வீட்டு வாசலில். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

“ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?” என்றேன்.

“செல்லியிருந்தா நீங்க வராம ஈந்திருப்பீங்க. பிள்ளைட்டயும் செல்லாதே எண்டேன்.”

மேசையில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் சோறு, மீன் குழம்பு, பருப்பு. அவள் நோன்போடு நின்று சமைத்தது. நான் என் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். “நாங்களும் நோன்பு திறக்கிற ஆறு இருபது வரைக்கும் சாப்பிடாம இருக்கிறம்” என்று என் வாய் சொன்னது. மூன்று மணி ரயில் அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை. கிளைவ் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணத்தன்று பாதிரியார் “சம்மதமா?” என்று கேட்டபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஆதிலா எவ்வளவு சொல்லியும் நான் அசையவில்லை. ரொஷேல் மட்டும் ஹஸ்னாவின் அறைக்குள் பிஸ்கட்டோடு போய்விட்டாள். ஒரு மணிக்கு நபீஸ் நானா, “கிளைவ், வாங்க கடலப் பாத்துட்டு வருவோம்” என்று கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கிளைவின் மீசையில் பொரித்த மீன் ரோல்ஸ் தூள். நோன்பிருக்கிற மனிதர் தானே கடையில் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நாங்கள் கதைத்தோம், கதைத்தோம். ஹஸ்னாவின் படிப்பு, என் ஒஃபிசில் புது மனேஜர், எங்கள் கட்டடத்தில் மேல் வீட்டுத் தண்ணி டாங்கி. அதை மட்டும் கதைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து தண்ணி டாங்கிக்கே திரும்பினேன். தேசிக்காய் தண்ணியாவது குடித்திருந்தால் சொல்லியிருப்பேனோ?

இரண்டரை. கிளைவ் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். போக வேண்டியதுதான். சட்டியை ஆதிலாவிடம் கொடுத்தேன். நீல மூடியைப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

நான் வாசலுக்கு வெளியே சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவுக்கு உள்ளே. அப்போதுதான் பார்த்தேன், இந்தத் தடவை வெளியில் நிற்பது நான்.

“ஆதிலா, அண்டைக்கு நான் உள்ளுக்கதான் நிண்டனான். நீர் தட்டேக்க.”

“தெரியும்.”

“என்னெண்டு?”

“கதவுக்குக் கீழால உங்கட காலு தெரிஞ்சிச்சு. நகத்துல செவப்பு கியூடெக்ஸ்.”

இத்தனை வருடம்! இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசலில் சட்டியை வைத்தாள். தெரிந்துகொண்டுதான் இப்போது கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழகான அழுகை இல்லை, மூக்கால் வடிகிற அழுகை. கிளைவ் கேட்டடியில் அப்படியே நின்றார்.

“எனக்கும் கோவம் வந்துச்சு” என்றாள் ஆதிலா. “ரெண்டு மூணு வருசம் நல்லாக் கோவம். பொறகு யோசிச்சேன், குண்டு வெடிச்ச அந்தக் கிழமை என்ட வீட்டுக் கதவையும் நான் ஆருக்கும் தொறக்கல்லதான். பயத்துல.” பிறகு கேட்டாள்: “கஞ்சியக் குடிச்சீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “இல்ல. அடுத்த நாள்தான் எடுத்தனான். புளிச்சிட்டுது. ஊத்தினனான்.”

“அப்ப இண்டைக்குக் குடிங்க. ஒரு சட்டியில எறச்சி போடாம வேறயா வெச்சிருக்கேன். உங்களுக்கும் நோம்பு காலம்தானே.”

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

“செலீன், ரயில்!” என்றார் கிளைவ். “திரும்பிப் போகேக்க கடல் பக்க சீட்!”

“போகட்டும்” என்றேன்.

ஆறு இருபதுக்குப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஆதிலா என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள். பிறகு கஞ்சி. இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், ரம்பை இலை வாசம். மூன்று கோப்பை குடித்தேன். கிளைவ் நான்கு. ஆதிலா கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். “பிரண்டி?” என்றாள் மெதுவாக. “சத்தியமா இல்ல” என்றேன். முதல் கேக்கின் கதையைச் சொன்னதும் நபீஸ் நானா சிரித்துப் புரையேறிவிட்டார்.

அங்கேயே படுத்தோம். ஆதிலாவின் நைட்டி எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான். காலையில் அவர்கள் பெருநாள் தொழுகைக்குப் போனார்கள், நாங்கள் மாத்தறை மாதா கோவிலில் பூசைக்குப் போனோம். திரும்பி வந்து பிரியாணியில் சோறு தோண்டினோம். கிளைவ் மிக ஆழமாகத் தோண்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வரும்போது சீட் இல்லை. ஹிக்கடுவை வரை நின்றுகொண்டே வந்தோம். நின்றால் கடல் நன்றாகத் தெரிகிறது.

மார்ச் 23

கால் வீங்கிவிட்டது. தூக்குச்சட்டி நிறையப் பெருநாள் இனிப்பு, தொதல் தந்து அனுப்பியிருக்கிறாள். சட்டி திரும்பவும் என் வீட்டில்.

மார்ச் 27

கிளைவ், ஈரத் துவாய், கட்டில். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’தான். முன்னேற்றம்.

ஏப்ரல் 3

பெரிய வெள்ளி. ஆதிலாவுக்குப் போன் எடுத்தேன். “ஈஸ்டருக்கு வாரீரா? அந்த நாள் இங்க வர ஒரு மாதிரி இருந்தா வேற நாள் வாரும்” என்றேன். “நபீஸ்ட கேட்டுச் செல்றேன்” என்றாள்.

ஏப்ரல் 4

ஒன்றும் சொல்லவில்லை. போனை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கேக் செய்தேன், பிரண்டியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. கவனமாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 5

விடியப் பூசை. கோவில் வாசலில் பையைத் திறந்து காட்டி உள்ளே போனோம், வழக்கம்போல. மெழுகுதிரி கொளுத்தினேன்.

பத்தரைக்குப் போன். ஆதிலா. பின்னால் ரயில் சத்தம். “கோட்டையில எறங்கல்ல, மருதானைக்கே வந்துட்டோம். கிளைவ் செல்லித் தந்த மாதிரி. ஓட்டோ பிடிக்கிறோம்.”

தொதல் முடிந்த சட்டியைக் கேக்கால் நிரப்பினேன். கதவை முழுக்கத் திறந்து, காற்றில் அடிபடாமல் அந்தச் சட்டியையே முட்டுக் கொடுத்து வைத்தேன். கிளைவ் காலில் கடித்ததைத் தட்டிவிட்டு, “மூடும், நுளம்பு வருது” என்றார்.

வரட்டும்.