உனக்காக நான் சொன்ன ‘உள்ளேன்’

இன்று ரீச்சர் புதிய வரவு இடாப்பைத் திறந்தபோது புதுத்தாள் மணம் முன்வரிசை வாங்கு வரை வந்தது. போர்த்தடையால் கொப்பிகூடக் கிடைக்காத காலத்தில் அது எங்கிருந்து வந்ததோ! ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தவள், பெயர் கூப்பிடத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய இடாப்பில் உன் பெயருக்கு அடுத்தது என் பெயர்.

மூளை மலேரியாவிலிருந்து தப்பி, உதிர்ந்த தலைமயிரை மறைக்கத் துணி கட்டிக்கொண்டு போன வருடம் நீ வகுப்புக்குத் திரும்பி வந்தாய். உனக்கு எல்லாம் விளங்கிற்று. சொல் மட்டும் பிந்தி வந்தது. ரீச்சர் உன் பெயரைக் கூப்பிட்டால், பத்து எண்ணும் நேரம் வகுப்பே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

“சைக்கிளைச் சுத்துங்கோடி, றேடியோ பாடட்டும்!” என்று பின்வாங்கில் ஒருத்தி சொல்வாள். மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிறவர்கள் நாங்கள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு காலை உனக்குப் பதிலாக நான் முந்திக்கொண்டு, “உள்ளேன் ரீச்சர்” என்றேன். ரீச்சர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து வரவு போட்டார். அந்தப் புன்னகைக்காக அடுத்தடுத்த நாட்களும் சொன்னேன்.

ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

“நாளைக்கு... நான் சொல்லுவன். நீ... பேசாமல் இரு.”

“ஓமடி” என்றேன்.

மறுநாள் உன் பெயர் வந்தது. உன் உதடு திறந்துவிட்டது. நான் பார்த்தேன். “சுத்துங்கோடி!” என்று குரல் கேட்டது. உன் பக்கத்தில் இருப்பதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

“உள்ளேன் ரீச்சர்.”

நீ வாயை மூடிக்கொண்டாய். அதன்பின் வகுப்பில் நீ பேசவே இல்லை.

மழைக்காலத்தில் மறுபடி வந்த காய்ச்சலில் நீ போய்விட்டாய். செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிணத்தடியில நிண்டு ஒவ்வொரு நாளும் ‘உள்ளேன், உள்ளேன்’ எண்டு சொல்லிப் பழகினவள். பள்ளிக்கூடத்தில நீதானே பிள்ளை அவளுக்கு வாயாயிருந்தனி. நீ நல்லாயிருக்கோணும்.”

எதற்கும் முந்துகிற நான் அங்கே தலையை மட்டும் ஆட்டினேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

புதிய இடாப்பில் நீ இல்லை. உனக்கு முன்னிருந்த பெயரை அடுத்து நேரே என் பெயர் வந்தது. நான் வாய் திறக்காமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

“என்ன பிள்ளை, நித்திரையோ?” என்றார் ரீச்சர்.

“சைக்கிளைச் சுத்துங்கோடி!” என்று பின்வாங்கு சிரித்தது.

பத்து முடிந்த பிறகுதான் சொன்னேன். நாளைக்கும் அப்படித்தான் சொல்வேன்.