இருபத்தேழு சென்டிமீட்டர்

அக்கா,

நேற்று காலை உறுதியானது இது: சென்னைக் கம்பெனி ஒன்று விற்கும் தரை துடைப்பானின் கவ்வி, சரியாக இருபத்தேழு சென்டிமீட்டர் அகலம். ஆதாரம் என் கண்ணும் கையும். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பாத்திரக் கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தையற்காரரிடம் டேப்பை வாங்கிக்கொண்டு போனேன். மூன்று துடைப்பான்களை இறக்கச் சொல்லி ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன்.

"இன்னா சார், தரைக்கு சட்டை தெக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். இப்போது என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. புது ரப்பர் வாசனை அறை முழுவதும் இருக்கிறது. காதர் பாயின் தகரப் பட்டறையில் பழைய சைக்கிள் டியூபை நீங்கள் கத்தரித்தபோது வந்த அதே வாசனை. நீங்கள் போய் இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம். சென்னைத் துடைப்பானை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதே நல்லது என்று எழுத நினைத்தேன். அது பொய்யாக இருக்கும். பார்த்திருந்தால் நேராக வந்து என் சட்டையைப் பிடித்திருப்பீர்கள். அந்த உரிமையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் குடிவந்தது, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதற்கு மறு வருடம். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த புது நிருபன் நான். பிரெஞ்சும் தெரியாது, தெருவும் தெரியாது. நீங்கள் விடிந்ததும் கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றுக்குத் தரை கழுவப் போவீர்கள். பன்னிரண்டு அறை, ஒரு முற்றம், இரண்டு மாடிப்படி. மண்டியிட்டுக்கொண்டே முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை போவீர்கள் என்று பிறகு தெரிந்தது. சாயங்காலம் திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். முப்பத்தெட்டு வயதில்.

ஒரு நாள் காலை நான் சைக்கிளை வெளியே தள்ளும்போது நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். பின்னால் இருந்த கேரியரின் கம்பியைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தீர்கள். அது ஒவ்வொரு முறையும் பட்டென்று இறங்கி என் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, இந்தக் கம்பிய எனக்குக் குடு."

"எதுக்குக்கா?"

"பேப்பரயே இந்தப் புடி புடிக்குதே. ஈரத் துணிய புடிக்காதா?"

"என் பேப்பரெல்லாம் பறந்துடுமேக்கா."

"பறக்கட்டும். நீ எழுதறத அப்பிடியாவது நாலு பேரு கூடுதலா படிப்பாங்க."

அன்று மாலையே கம்பி உங்களிடம் வந்துவிட்டது. அதிலிருந்துதான் எல்லாம். ஒரே பிடி, மூன்று வேலை என்பது உங்கள் எண்ணம். கடற்கரை மணலைக் கூட்ட நார் பிரஷ், முற்றத்து மழைத் தண்ணீரைத் தள்ள ரப்பர் பட்டை, துடைக்கத் துணி. மூன்றையும் ஒரே கவ்வி மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், அதுவும் குனியாமல் கழற்றி மாட்டும்படி. காலால் மிதித்தால் கவ்வி வாயைத் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். இதை முதலில் கேட்டபோது தகர வேலைக்கார காதர் பாய் சிரித்தார்.

"யம்மா, நீ கேக்கறது வெளக்கமாறா, எலிப் பொறியா?"

"உம் பொண்டாட்டி முட்டிய கேளு பாய், அது சொல்லும்."

"எம் பொண்டாட்டி வாயே போதும். முட்டியும் பேச ஆரம்பிச்சுதுன்னா நான் பட்டறையிலதான் படுக்கணும்."

ஆனால் செய்து கொடுத்தார். ஐந்தாவது தடவையில் சரியாக வந்தது. முதலில் செய்தது துணியைக் கிழித்தது. இரண்டாவது உங்கள் பெருவிரலைப் பதம் பார்த்தது. மற்ற இரண்டும் பாரம். ஒவ்வொரு தடவையும் அளவை நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோவீர்கள். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் மூன்றாவதுவரை படித்த கையெழுத்து. கவ்வியின் அகலம் இருபத்தொன்று என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு விரல் கூடுதலாக வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்றார் பாய்.

"தரைக் கல்லு இருவது சென்டி பாய். ரெண்டு பக்கமும் அர அர சென்டி தாண்டணும். அழுக்கு கல்லுல இல்ல, இடுக்குலதான் கீது. கூட வச்சா நடுவுல வளையும், இடுக்க வுட்டுரும்."

ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உங்களிடம் காரணம் இருந்தது. நான் அன்று அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நிருபன் என்று பெயர்.

அந்தப் பெரிய வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் விருந்தாளிகளைக் கூட்டிவந்து அதைக் காட்டுவாளாம். "எங்க வூட்டுக் கருவின்னு சொல்றா தம்பி. பிரெஞ்சுல சொன்னா எனக்குப் புரியாதுன்னு நெனப்பு." அன்றைக்குத்தான் நீங்கள் முடிவு செய்தீர்கள், உங்கள் பேரில் காகிதம் வாங்க வேண்டும் என்று. ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தவருக்குச் சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உரிமைக் காகிதம். காரணத்தையும் சொன்னீர்கள். "எங் கையெழுத்து சர்க்கார் புஸ்தகத்துல ரெண்டு எடத்துல கீது. கல்யாணத்தப்ப ஒண்ணு, அவரு செத்தப்ப ஒண்ணு. மூணாவது ஒண்ணு போடணும். நான் செஞ்சதுக்கு."

சர்க்கார் அலுவலகத்துக்கு நானும் உங்களோடு வந்தேன். எழுத்தர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். நிர்வாகம் இந்தியாவிடம், சட்டம் இன்னும் பிரெஞ்சுக்காரர்களுடையது. ஒப்பந்தத்தை அவர்களுடைய நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். அதுவரை இந்த மாதிரி விண்ணப்பத்தைப் பாரீசுக்கு அனுப்புவதா, இந்திய உரிமை அலுவலகம் இருக்கும் கல்கத்தாவுக்கு அனுப்புவதா என்று தனக்கே தெரியவில்லை என்றார். "ஊரு எங்க சேரும்னு ஆவட்டும்மா, உங்க தொடப்பமும் அங்க சேரும்."

வெளியே வந்து பூவரச நிழலில் நின்று நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "காயிதம் வர வரைக்கும் நீ இத எழுதாத தம்பி."

சரி என்றேன். எட்டு மாதம் எழுதாமல் இருந்தேன். பிறகு எழுதினேன்.

என்ன காரணம் என்று இத்தனை நாள் பலவிதமாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். செய்தி வந்தால் அலுவலகம் அசையும் என்று நினைத்தது உண்மை. அந்த வாரம் பக்கத்தை நிரப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மை. வாக்கை மீறியதாக இருக்கக் கூடாது என்று உங்கள் பெயரை விட்டுவிட்டேன். "முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு பணிப்பெண்" என்று எழுதினேன். ஆனால் அளவில்லாத செய்தி செய்தியே அல்ல என்பது என் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் எனக்குக் கர்வம். காதர் பாயிடம் உங்கள் அளவுக் காகிதத்தை வாங்கி அதிலிருந்த ஐந்து அளவுகளையும் போட்டேன். கவ்வி எப்படித் திறக்கும், எங்கே வளையும் என்று படம் வேறு வரைந்து கொடுத்தேன்.

அந்த வார இதழை நான்காக மடித்துக்கொண்டு நீங்கள் என் வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை.

"எழுதாதன்னு சொன்னேன்ல?"

"பேர் போடலையேக்கா."

"அதத்தான் நானும் சொல்றேன். எம் பேர மட்டும் வுட்டுட்டு மீதி எல்லாத்தயும் போட்டுட்டியே."

நீங்கள் இதழைப் பிரித்து ஓரிடத்தில் விரலை வைத்தீர்கள்.

"போட்டதயும் தப்பா போட்டிருக்க. இருவத்தொண்ணு. இருவத்தேழு இல்ல."

பிறகுதான் புரிந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் ஒன்று என்ற எண்ணை, கீழிருந்து நீளமாக ஒரு கோட்டை மேலே இழுத்து, அங்கிருந்து நேராக இறக்கி எழுதுவார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. இந்த ஊரில் பிறந்தவர் யாரும் மயங்கமாட்டார். கடலூர்க்காரனுக்கு உங்கள் ஒன்று ஏழாகத் தெரிந்தது. குறுக்குக் கோடு இல்லையே என்று யோசிக்கக்கூடத் தெரியவில்லை.

"இருவத்தேழுல செஞ்சா இடுக்குல போவாது. யாராவது செஞ்சு பாத்துட்டு, கண்டுபுடிச்சவ புத்தி கெட்டவன்னுவான். திருத்தம் போடு."

"ஆசிரியர் ஒத்துக்கமாட்டார்க்கா" என்றேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியரிடம் நான் கேட்கவேயில்லை. ஒரு துடைப்பானுக்காக, தவறாக எழுதினேன் என்று அச்சில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் நீங்கள் என்னோடு பேசினீர்கள், தண்ணீர் கேட்டால் கொடுத்தீர்கள். தம்பி என்று மட்டும் கூப்பிடவில்லை. பேப்பர்காரரே என்றீர்கள்.

பிறகு மதாம் வீட்டார் கப்பலேறிப் போனார்கள். அடுத்துப் போன வீட்டில் புதிதாக மொசைக் தரை. இரும்பு பட்டால் கோடு விழும் என்று உங்கள் கருவியை உள்ளே விடவில்லை. மறுபடி மண்டியிட்டீர்கள். போன வருடம் மழையில் காய்ச்சல் வந்தபோதும் மூன்று நாள் அப்படியே வேலைக்குப் போய்வந்தீர்கள். நான்காம் நாள் போகவில்லை. இறப்புப் பதிவில் கையெழுத்துப் போட்டவர் காதர் பாய்.

இனி சென்னைக் கம்பெனி. இந்த ஆவணியில், இங்கே சட்டப்படியும் இந்தியக் கொடிதான் என்று ஆன பிறகு, சென்னை வக்கீல் நண்பர் ஒருவர் எழுதினார்: கால் மிதியால் திறக்கும் தரைக் கருவிக்கு ஒரு கம்பெனி உரிமை கேட்டிருக்கிறது, எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம். எதிர்த்து மனு போட்டோம். என் கட்டுரையிலிருந்து எடுத்தார்கள் என்பதற்கு அடையாளம் வேண்டும் என்றார் வக்கீல். அந்த அடையாளம்தான் நேற்று கிடைத்தது. அங்குலத்தில் வேலை செய்யும் பட்டறை எதுவும் தானாகப் பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்காது. அது உங்கள் அளவு அல்ல, என் பிழை. நான் திருத்தம் போட்டிருந்தால் இந்த அடையாளம் இருந்திருக்காது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். ஒன்றுமில்லை. வாங்கிவந்த துடைப்பானால் என் அறையைத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் வளைகிறது. இடுக்கில் அழுக்கு அப்படியே இருக்கிறது.

வக்கீலிடம், ஜெயித்தால் உரிமை அக்காவின் பெயருக்கு வருமா என்று கேட்டேன்.

"எப்படி சார் வரும்? உங்க கட்டுரை வந்த அன்னிக்கே அது ஊருக்கெல்லாம் பொதுவாயிடுச்சு. அந்தம்மாவே வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டாங்க. ஜெயிச்சா அவனுக்கும் இல்லைன்னு ஆகும், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவும் உறுதியில்லை. கம்பெனியின் பதில் மனு வந்திருக்கிறது. கட்டுரை வெளியான வருடத்தில் புதுச்சேரி சட்டப்படி இந்தியா அல்ல, ஆகவே அது இந்தியாவில் வெளியானதாகக் கணக்கில்லை என்கிறார்கள். எழுத்தர் உங்களிடம் சொன்னதை இப்போது திருடியவன் சொல்கிறான்.

நேற்று எடுத்த அளவை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். உங்கள் அளவுக் காகிதமும் அதோடு போய்விட்டது. அசல்தான் வேண்டுமாம். என்னிடம் மிச்சம் இருப்பது கம்பியில்லாத கேரியர். ஏழு வருடமாகக் காகிதக் கட்டைச் சணலால் கட்டித்தான் எடுத்துப்போகிறேன். புதுக் கம்பி போடச் சொல்லிக் காதர் பாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்த மடலிலும் உங்கள் பெயரை எழுதவில்லை. முடிவு வரும்வரை எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்னதும் அதுதான். முடிவு தை கடைசிக்குள் வரும் என்கிறார்கள். எந்தப் பக்கம் வந்தாலும், அதற்கு மறு வார இதழில் ஒரு திருத்தம் வரும். இருபத்தேழு என்பதை இருபத்தொன்று என்றும், ஒரு பணிப்பெண் என்பதை உங்கள் முழுப் பெயராகவும் வாசிக்க வேண்டும் என்று. இந்த முறை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டார். கேட்டிருந்தால் அன்றும் ஒப்புக்கொண்டிருப்பேனே என்றார்.