சிவப்பு ரிப்பன்

வியாழன், ஆவணி 12

மந்திகள் அன்றன்று இரவில் படுக்கும் மரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவைப்பது என் வழக்கம். விடிந்ததும் அதன் கீழே கிடக்கும் மலத்தைக் குப்பியில் எடுத்தால்தான் அவற்றின் மரபணுவைப் பார்க்கலாம். அந்த ரிப்பனே வினையாகும் என்று நான் யோசிக்கவில்லை.

இன்று காலை, வயல் வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானையார் என்னை மறித்தார்.

"புள்ள, ரிப்பன் கட்டின மரத்திலதானே மந்தி படுக்குது? எங்களுக்குத் தேடுற வேலை மிச்சம். நாளைக்கு விடிய வெடி கொளுத்திக் கலைக்க வாறம்."

அவருடைய வாழைகளை அவை நாசமாக்கியது உண்மைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கூட்டம். அதில் இரண்டு தாய்களிடம் கைக்குட்டிகள்.

ரிப்பனை அவிழ்த்தால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பார். காத்தான்குடிக்குப் போய், கடையில் இருந்த சிவப்பு ரிப்பன் முழுவதையும் வாங்கிவந்தேன். வாய்க்கால் ஓரத்து மரம் ஒன்று விடாமல் கட்டினேன். விரலெல்லாம் இன்னும் சாயம்.

மாலையில் அவர் வந்து பார்த்தார். "என்ன புள்ள, எல்லா மரத்திலயுமா படுக்குது?"

"ஓம் ஐயா. இதெல்லாம் அதுகள்ற மரம்தான்."

வெடியோடு வரட்டும். ஒரு நாள் மலம் கிடைக்காவிட்டால் என் ஆய்வு செத்துவிடாது. நாளை விடிய நான் குப்பியோடு, மந்தி இல்லாத வேறொரு மரத்தடியில், அவர் கண்ணில் படும்படி நிற்பேன்.